சும்மா இருப்பது யார்?

"என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால், வீட்டோடு இருக்கும் பெண் என்ன சொல்கிறாள்? "வேலை ஒன்றும் இல்லை, சும்மாதான் இருக்கிறேன்" என்கிறாள்!

பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி விளைகின்றன. அரியலூரில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள், சிமெண்டு செய்கிறார்கள். அங்கே அரசு சிமெண்டு ஆலை 1979-ல் ஏற்பட்டது.

ஆலையில் உழைப்பவருக்குச் சம்பளம் உண்டு. வெங்காயத் தாள் அறுக்கும் பெண்ணுக்குக் கூலி உண்டு. அவளே மாலையில் வீடு திரும்பி உலை வைக்கிறாள், பாத்திரம் துலக்குகிறாள், துணி துவைக்கிறாள். அதற்குக் கூலி இல்லை. "வேலை" என்ற பெயரும் இல்லை!

5 மணி நேரம்

மக்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று 2019-ல் மத்திய அரசு நாடு முழுவதும் கணக்கு எடுத்தது. வீட்டு வேலை செய்த பெண்கள் நாள்தோறும் சராசரி 299 நிமிடம் உழைத்தார்கள். அதாவது, ஏறக்குறைய 5 மணி நேரம். வீட்டு வேலை செய்த ஆண்களோ 97 நிமிடம்தான்!

உரிமைத் தொகை

தமிழக அரசு 2023 செப்டம்பர் 15-ந் தேதி மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. தகுதி உள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ரூ.1,000 என்று அறிவித்தது. "உதவி" என்று சொல்லவில்லை. "உரிமை" என்றே பெயர் வைத்தது. வீட்டு வேலையும் உழைப்புதான் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

ஆனால், நாளுக்கு 5 மணி என்றால் மாதம் 150 மணி நேரம். 1,000 ரூபாயைப் பங்கிட்டால் மணிக்கு 7 ரூபாய்கூட வராது!

பணம் ஒருபுறம் இருக்கட்டும். தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்க எந்த ஆணுக்கும் சட்டம் தேவை இல்லை. "அம்மா என்ன வேலை செய்கிறார்?" என்று பள்ளியில் கேட்டால், "சும்மா இருக்கிறார்" என்று பிள்ளைகள் சொல்லாமல் இருந்தால் போதும்.