தெளிந்த மனதோடு வீடு திரும்ப: ஐசியு நோயாளிக் குடும்பங்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாட்டின் அரசு, தனியார் மருத்துவமனை நிர்வாகங்களுக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் ஐசியு வாசலில் காத்திருக்கும் குடும்பங்கள் முன்வைப்பது:

இதய பைபாஸோ இடுப்பெலும்பு முறிவு அறுவையோ முடிந்த ஓரிரு நாளில், நேற்றுவரை தெளிவாகப் பேசிய அப்பா மூக்குக் குழாயைப் பிடுங்குகிறார். பெற்ற மகளையே யாரென்று கேட்கிறார். "வயசானா இப்படித்தாம்மா" என்று பதில் வருகிறது. இந்தத் திடீர் மனக்குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். தொற்று, சோடியம் குறைவு, ஆக்சிஜன் குறைவு, அடங்காத வலி, சிறுநீர் அடைப்பு, தூக்க மருந்து என ஒன்றோ பலவோ பின்னால் இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பது மருத்துவக் கடமை.

ஆகவே, ஒவ்வொரு ஷிஃப்டிலும் டெலிரியம் பரிசோதனை நடந்து, முடிவு கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். 2001-இல் வெளியான 'கேம்-ஐசியு' முறைக்குச் சில நிமிடங்களே போதும். செவிலியரே செய்யலாம், வென்டிலேட்டரில் இருப்பவரிடமும் செய்யலாம். செவிலியர் எழுத்துகளை வாசிக்கும்போது குறிப்பிட்ட எழுத்து வந்தால் நோயாளி கையை அழுத்த வேண்டும். கல் தண்ணீரில் மிதக்குமா, கடலில் மீன் உண்டா என்று கேட்டால் தலையசைத்துப் பதில் சொல்ல வேண்டும். இவை நோயாளியின் தாய்மொழியில் கேட்கப்பட வேண்டும். கூச்சலிடுபவர் எல்லோர் கண்ணிலும் படுகிறார். சத்தமின்றிச் சுருண்டு கிடப்பவரை "நல்லா தூங்குறார்" என்று விட்டுவிடுகிறார்கள். அவருக்காகவே இந்தப் பரிசோதனையை வற்புறுத்துகிறோம்.

கையைக் கட்டிலில் கட்டுவது கடைசி வழியாக இருக்கட்டும். கட்டினால் காரணத்தை எழுதுங்கள், குடும்பத்திடம் சொல்லுங்கள், எப்போது அவிழ்ப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மிடசோலம், லோரசெபாம் போன்ற தூக்க மருந்துகள் டெலிரியத்தையே தூண்டக்கூடியவை. குடி நிறுத்தத்தால் வரும் நடுக்கம், வலிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டும் அவை போதும். மனநோய்க்கான மருந்தான ஹாலோபெரிடால் கொடுத்தும் டெலிரியம் நீடித்த நாட்கள் குறையவில்லை என்று 2018-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அதை வழக்கமாகப் போடும் ஊசியாக்காதீர்கள்.

கண்ணாடி, காது மெஷின், பல்செட் ஆகியவற்றை வாசலிலேயே எங்களிடம் கழற்றிக் கொடுத்துவிடுகிறீர்கள். நோயாளி கண் விழித்ததும் அவற்றைத் திரும்ப மாட்டிவிடுங்கள். இரவில் விளக்கைக் குறையுங்கள். அவசரமில்லாத ரத்தப் பரிசோதனையையும் விடியுமுன் உடம்பு துடைப்பதையும் பகலுக்கு மாற்றுங்கள். கைகழுவி, கவுன் அணிந்து, பழகிய முகம் ஒன்று பகல் முழுதும் அருகில் இருக்க அனுமதியுங்கள். தொற்றுப் பயம் நியாயமானதுதான். அதற்குத் தீர்வு கைகழுவும் ஒழுங்கு, பூட்டிய கதவல்ல.

நான்கைந்து கட்டில்களுக்கு ஒரே செவிலியரை நிறுத்திவிட்டு இத்தனையும் கேட்பது அவருக்குச் செய்யும் அநியாயம். அரசு முதலில் காலியிடங்களை நிரப்பட்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் டெலிரியம் வந்ததை எழுதுங்கள். ஐசியு நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஓராண்டு கழித்தும் நால்வரில் ஒருவருக்கு லேசான அல்சைமர் அளவுக்கு நினைவும் சிந்தனையும் குன்றியிருந்தன. டெலிரியம் நீடித்தவர்களின் நிலை இன்னும் மோசம்.

வீட்டுப் பெரியவருக்கு அறுவை நாள் குறித்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மறதி, காது மந்தம், குடிப்பழக்கம், தினமும் போடும் தூக்க மாத்திரை எதுவாயினும் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.