மார்கழிக் குளிரும் மஞ்சள் இலையும்

பண்டமாரானிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன்.

காப்பார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவருடைய மாமியார் லயத்துக்குப் பின்னால் ரஸ்தாளி வாழை வைத்திருந்தாராம். தோட்டம் வீட்டு மனைக்கு விலைபோனதும் குடும்பம் கிளம்பியது. சட்டி, பானை, சாமி படம், கோழிக் கூடை எல்லாவற்றையும் ஏற்றிய லாரியில் மாமியார் கடைசியாக ஒரு வாழைக் கன்றையும் சாக்கில் சுற்றி ஏற்றினாராம். இப்போது மாமியார் இல்லை. அந்த ஒரு கன்று மூன்று புதராகி, வீட்டின் பின்புறம் கால்வாய் ஓரமாக நிற்கிறது. இரண்டு மாத மழைக்குப் பிறகு இலைகள் மஞ்சளாகின்றன. 'குளிர் தாங்கவில்லை' என்று பக்கத்து வீட்டம்மா சொல்லிவிட்டார். லண்டனில் இருக்கும் உறவினரோ, அங்கே வாழையைச் சாக்கும் வைக்கோலும் சுற்றிக் கட்டிவைத்திருக்கும் படத்தை அனுப்பியிருக்கிறார். சகோதரியும் மூன்று புதருக்கும் சாக்கைச் சுற்றிக் கட்டிவிட்டார்! வருகிற தையில் மகளுக்குக் கல்யாணம். வாசலில் மாமியார் வைத்த வாழையைத்தான் கட்டவேண்டும் என்று ஆசை. பந்திங்கிலும் தெலுக் பங்லிமா காராங்கிலும் இருக்கும் நாத்தனார்கள் ஆளுக்கொரு கன்று கேட்டிருக்கிறார்களாம். 'மரத்தை எப்படிக் காப்பாற்றுவது?' என்று கேட்கிறார்.

சகோதரி, முதலில் அந்தச் சாக்கை அவிழ்த்துவிடுங்கள். மழையில் நனைந்த சாக்கு தண்டோடு ஒட்டிக் கிடந்தால் கூன்வண்டு குடியேற நீங்களே வீடு கட்டிக் கொடுத்தது மாதிரி.

குளிர் வாழைக்குப் பகை என்பது உண்மைதான். ஆனால் எந்தக் குளிர்? வெப்பம் 16 டிகிரிக்குக் கீழே போனால் வாழையின் வளர்ச்சி மந்தமாகிவிடும். பன்னிரண்டு, பதின்மூன்றுக்குக் கீழே காய்க்கும் இலைக்கும் கேடு. உறைபனி விழுந்தால் இலை கருகிவிடும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு பிழைத்திருந்தால் மறுபடி துளிர்க்கும். அதனால்தான் லண்டன்காரர்கள் இலைகளை வெட்டிவிட்டு, தண்டைச் சுற்றி வைக்கோல் கட்டுகிறார்கள். சிலர் கிழங்கையே தோண்டிக் கொட்டகையில் வைத்துக் காக்கிறார்கள். அத்தனை பாடுபட்டும் அவர்கள் பெரும்பாலும் வளர்ப்பது அழகுக்கு வைக்கும் ஒரு ஜாதி வாழைதான், அதன் பழத்தைச் சாப்பிட முடியாது. வட இந்தியாவில் பீகார் போன்ற இடங்களில் குளிர்காலத்தில் குலை தள்ளினால், அது தண்டின் கழுத்திலேயே சிக்கிக்கொண்டு வெளியே வராமல் தவிக்கும். அங்கே குலை குளிரில் அகப்படாதபடி நடும் மாதத்தைக் கணக்குப் பார்ப்பார்கள்.

நம் போர்ட் கிள்ளானில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பம் 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நமக்குப் போர்வை வேண்டியிருக்கலாம். வாழைக்கு வேண்டாம். கேமரன் மலையில் தானா ராத்தாவில் இரவில் 14, 15 டிகிரி இருக்கும். அங்கேதான் வாழை முணுமுணுக்கும். ஒரு குலைக்கு நம் ஊரைக் காட்டிலும் பல மாதம் கூடுதலாகக் காத்திருக்கவேண்டும்.

நம் வீட்டில் வாழைக்குக் குளிர் தாக்கும் இடம் ஒன்றே ஒன்று, குளிர்சாதனப் பெட்டி! அதற்குள் நான்கு டிகிரி. பழத்தை வைத்தால் இரண்டு நாளில் தோல் கறுத்துவிடும். காயாக வைத்தாலோ பிறகு வெளியே எடுத்தாலும் சரியாகப் பழுக்காது. நம் துறைமுகத்தில் மின்சாரக் கம்பி செருகிய குளிர்பதனக் கொள்கலன்கள் அடுக்கி நிற்பதைத் துறைமுகத் தொழிலாளர்கள் பார்த்திருப்பீர்கள். வாழைக்காயைக் கப்பலில் அனுப்புகிறவர்கள் அப்படிப்பட்ட பெட்டிக்குள் 13, 14 டிகிரி வைப்பார்கள். அதற்குக் கீழே இறக்கமாட்டார்கள். ஆகவே பழத்தைச் சமையலறையில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள், நம் பாட்டிமார் செய்தபடி.

சரி, குளிர் இல்லையென்றால் இலை ஏன் மஞ்சளாகிறது? இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று லேசானது, மற்றது லேசானதல்ல.

லேசானது தண்ணீர். போர்ட் கிள்ளான், பண்டமாரான், காப்பார், இண்டா தீவு எல்லாம் கடல் மட்டத்துக்கு ஒட்டிய களிமண் பூமி. அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் பெருகும்போது கால்வாய்த் தண்ணீர் வடியாது. அந்த நேரம் மழையும் கொட்டினால் எதிர்த்து ஏறி வீட்டுக் கொல்லைக்கே வந்துவிடும். வாழை வேர் மேல் மண்ணில், ஒன்றரை அடிக்குள்தான் பெரும்பாலும் ஓடுகிறது. அதற்கும் காற்று வேண்டும். இரண்டு மூன்று நாள் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகத் தொடங்கும், அடியிலைகள் ஒரே சீராக மஞ்சளாகும், குருத்து இலை சுணங்கும். உப்புத் தண்ணீர் கலந்திருந்தால் இலை ஓரம் தீய்ந்தாற்போல் பழுப்பாகும்.

இதற்கு மருந்து சங்கூல்தான். புதரைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடியவிடுங்கள். இனி நடுவதானால் இரண்டடி உயரம், ஆறடி அகலத்துக்கு மேடு கட்டி, அதன்மேல் நடவேண்டும். கால்வாயை விட்டுத் தள்ளி. தோண்டும்போது அழுகிய முட்டை வாடை வந்தால் அது புளித்த மண். செம்பனைத் தோட்டத்தில் போடும் சுண்ணாம்புத் தூளை உங்களுக்குத் தெரியும், அதில் இரண்டு மூன்று கைப்பிடி கலந்து சில வாரம் ஆறவிட்டு நடுங்கள். வாழைக்குச் சாம்பல் சத்து நிறைய வேண்டும். விறகடுப்புச் சாம்பல் நல்லது. செம்பனைக்கு வைக்கும் சிவப்பு உரமும் அதே சத்துத்தான். (தோட்டத்து ஸ்டோரிலிருந்து கொண்டுவரச் சொல்லவில்லை! கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கும்.) எண்ணெய் எடுத்த வெறுங்குலை கிடைத்தால் மேட்டின்மேல் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி.

இப்போது லேசல்லாத காரணம். இதை எழுத எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் எழுதவேண்டும்.

வாடல் நோய் என்று ஒன்று உண்டு. மண்ணில் இருக்கும் ஒரு வகைப் பூசணம் வேர் வழியாக ஏறித் தண்டின் நரம்புகளை அடைத்துவிடும். மரம் தண்ணீர் நடுவில் நின்றுகொண்டே தாகத்தில் சாகும். மத்திய அமெரிக்காவில் ஏற்றுமதிக்கென்றே பயிரிட்ட வாழைத் தோட்டங்களை இது அழித்ததால்தான், 1950, 60-ஆம் ஆண்டுகளில் அங்கே பழைய ஜாதியைக் கைவிட்டுப் பச்சை வாழை வகைக்கு மாறினார்கள். பிறகு அந்தப் பச்சை வாழையையும் கொல்லும் புது வகை கிளம்பியது. தைவானில் 1967-இல் தென்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் நம் மலேசியாவிலேயே பெரிய முதலீட்டில் போட்ட வாழைத் தோட்டங்களை வீழ்த்தியது. ரஸ்தாளிக்கோ பழைய வகையும் ஆகாது, புது வகையும் ஆகாது. மருந்து கிடையாது. பூசணம் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும்.

இது ஊர்விட்டு ஊர் எப்படிப் போகிறது தெரியுமா? பெரும்பாலும் கன்றின் கிழங்கிலும், அதில் ஒட்டிய மண்ணிலும்தான். பார்வைக்குப் பச்சைப்பசேல் என்று இருக்கும் கன்றுக்குள்ளும் நோய் ஒளிந்திருக்கும்.

எனக்கு இது புத்தகப் பாடமல்ல. எங்கள் அம்மாவும் லயத்திலிருந்து ஒரு ரஸ்தாளிக் கன்று கொண்டுவந்தார். தாமான் வீட்டில் முதல் குலை வெட்டிய அன்று வீதிக்கே பழம் கொடுத்தோம். கேட்டவர்களுக்குக் கன்றும் கொடுத்தேன், மூன்று வீட்டுக்கு. அடுத்த வருஷம் எங்கள் மரம் வாடியது. நானும் தண்ணீர் போதவில்லை என்றும் தண்ணீர் கூடிவிட்டது என்றும் மாறி மாறி வைத்தியம் பார்த்தேன். எங்கள் மரம் விழுந்து ஆறேழு மாதத்தில் அந்த மூன்று வீட்டிலும் விழுந்தது. ஒரு வீட்டில், அவர்கள் முன்பே வைத்திருந்த நல்ல பெராங்கான் வாழையும் சேர்ந்து போனது. அந்த அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கும் அவர் வீட்டுப் பக்கம் போனால் வேலி ஓரம் பார்க்காமல்தான் போகிறேன்.

தமிழ்நாட்டிலும் இதற்கு இணையான கதை உண்டு. பழநி பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி, சிறுமலை வாழைகள் மலைச் சரிவில், நம் ஊரைவிடக் குளிர்ச்சியான இடத்தில் விளைபவை. மலைக் குளிர் அவற்றைக் கொல்லவில்லை. முடிக்கொத்து நோய்தான் தோட்டம் தோட்டமாக அழித்தது. அது வேறு நோய், வைரஸ் கிருமியால் வருவது. ஆனால் அதுவும் அசுவினிப் பூச்சியாலும், நோய்ப்பட்ட கன்றாலும்தான் பரவும். திசு வளர்ப்பு முறையில் கிருமி நீக்கிய கன்றுகளை உண்டாக்கிக் கொடுத்த பிறகே அந்த வாழைகள் திரும்பத் தலையெடுத்தன.

ஆகவே சகோதரி, நாத்தனார்களுக்குக் கன்று பெயர்ப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

இலையைப் பாருங்கள். தண்ணீரால் வந்த மஞ்சள் மூன்று புதரிலும் ஒரே சமயம் தெரியும். நீர் வடிந்து இரண்டு மூன்று வாரத்தில் புதுக் குருத்து பச்சையாக வரும். வாடல் நோயானால் ஒரு மரத்தில் தொடங்கும். கீழ் இலையின் ஓரத்தில் மஞ்சள் பிடித்து நடு நரம்பை நோக்கி வரும். காம்பு ஒடிந்து இலைகள் தண்டைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோல் தொங்கும். அடித்தண்டு நெடுக வெடிக்கும். அப்புறம் அடுத்த மரம்.

சந்தேகம் தீராவிட்டால், எது மிக மோசமோ அந்த ஒரு மரத்தைத் தரையிலிருந்து ஓரடி விட்டுப் பாராங்கால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். தண்டு வெள்ளையாக இருந்தால் பயமில்லை. கூட்டு வைத்துச் சாப்பிடலாம். செம்பழுப்பாகப் புள்ளிகளோ வளையங்களோ கோடுகளோ தெரிந்தால் வாடல் நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கறுத்த சுரங்கம் சுரங்கமாக இருந்தால் அது கூன்வண்டு. அதற்கு வெட்டிய தண்டை இரண்டாகப் பிளந்து, வெட்டுப்பக்கம் தரையில் படும்படி கவிழ்த்துவைத்தால் இரவில் வண்டுகள் வந்து ஒண்டும். காலையில் பொறுக்கிக் கொல்லலாம்.

வாடல் நோய்தான் என்றால், அந்தப் புதரிலிருந்து கன்று, இலை, பூ, தண்டு எதுவும் வெளியே போகக்கூடாது. கல்யாண வாசலுக்கும் கூடாது. கட்டிய மரத்தைப் பிறகு எங்கே வீசுவார்கள் என்று நம் கையில் இல்லை. வெட்டியதை அதே இடத்தில் துண்டாக்கிப் போட்டு மூடிவையுங்கள். கால்வாயில் தள்ளாதீர்கள், தண்ணீரோடு அடுத்த கொல்லைக்குப் போகும். எரிக்கவும் வேண்டாம், திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம். பாராங்கையும் சங்கூலையும் மண் போகக் கழுவி, ஒரு பங்கு குளோரோக்ஸுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்துவையுங்கள். காலணியையும் மறக்கவேண்டாம். விவசாய இலாகாவில் சொன்னால் வந்து பார்ப்பார்கள். அந்த இடத்தில் இனி வாழை வேண்டாம்; மரவள்ளியோ கறிவேப்பிலையோ வையுங்கள்.

நோயில்லை என்று தெரிந்தால் தாராளமாகக் கன்று கொடுங்கள். குறுகலான வாள் போன்ற இலையுள்ள ஈட்டிக் கன்றையே எடுக்கவேண்டும். அகன்ற இலை விட்டு மினுக்கும் நீர்க்கன்று வேண்டாம், அது அழகாக ஏமாற்றும். கிழங்கிலுள்ள வேரையும் மேல்தோலையும் சீவி, வெள்ளை வெளேர் என்று இருக்கிறதா பார்த்து, மண்ணைக் கழுவிக் கொடுங்கள். நாத்தனார் வீட்டிலும் முதல் வருஷம் மற்ற வாழைக்குத் தள்ளி நடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. குலை தள்ளிக் கடைசிச் சீப்பு விரிந்ததும், வாழைப்பூவை உடனே எடுத்துவிடுங்கள். கத்தி வைக்காமல் கையாலோ கவைக்கம்பாலோ ஒடிக்கவேண்டும். காயைப் பிளந்தால் உள்ளே இரத்தம்போல் சிவந்து அழுகும் ஒரு நோய் நம் நாட்டில் இப்போது பரவியிருக்கிறது. அது பூவில் மொய்க்கும் பூச்சியாலும் கத்தியாலும் வருகிறது. பூ போனால் பூச்சிக்கு அங்கே வேலையில்லை. பூவும் அன்றைக்கே வடையாகிவிடும்.

கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. தண்டை வெட்டிப் பார்த்துவிட்டு எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். வெள்ளையாக இருந்தால், நாத்தனார்களுக்குக் கொடுத்ததுபோக ஒரு கன்று எனக்கும் எடுத்துவையுங்கள். அந்த வேலி ஓரத்து அக்கா வீட்டுக்கு நானே கொண்டுபோய் நட்டுக் கொடுக்கிறேன். வேறு பக்கம், புது மேட்டில்.

அடுத்த இதழில், கறிவேப்பிலை ஏன் சில வீட்டில் மட்டும் குட்டையாகவே நிற்கிறது என்று பார்ப்போம். மேருவிலிருந்து இரண்டு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள்.