மடவைக்கு வழி விடுக

பழவேற்காட்டு உப்பேரியில் வெள்ளித் தகடுபோல் நீருக்கு மேலே துள்ளி விழும் மடவை மீனை நேயர்களில் சிலர் கண்டிருக்கலாம். சேற்றில் படிந்த பாசியையும் மட்கிய துகள்களையும் உண்டே கொழுக்கும் எளிய பிராணி அது. இரையோடு விழுங்கிய மணலையே அரைகல்லாகக் கொண்டு, தடித்த இரைப்பையில் அதனை அரைத்துக்கொள்கிறது.

ஆயினும், முட்டையிட அது கடலுக்குப் போயாக வேண்டும். குஞ்சுகள் அங்கிருந்து ஏரிக்கு வந்து வளரவேண்டும். போக்குக்கும் வரவுக்கும் வழி முகத்துவாரமே. அது மணலால் தூர்ந்தால் ஏரியில் மடவை அருகும். கரையோரக் குடிசைகளில் அடுப்பும் அணையும்.

மீன் குறைந்தால் வலைஞரின் பேராசையைப் பழிக்கிறோம் நாம். வாசல் அடைபட்டிருக்க, விருந்து வரவில்லையே என்று ஏங்கிப் பயனென்ன? முகத்துவாரத்தைத் தூர்வாரிக் காப்பது அரசாங்கத்தின் கடமை. அதை வற்புறுத்திக் கேட்பது நம் கடமை.