‘இம்யூனிட்டி பூஸ்டர்’ இருக்கட்டும்... பிரேக் இருக்கா?

2020 மார்ச்சில், கோழியும் முட்டையும் சாப்பிட்டால் கொரோனா வரும் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. நாமக்கல்லில் முட்டை விலை மளமளவெனச் சரிந்தது. சில மாதங்கள்தான்... அதே முட்டை ‘இம்யூனிட்டியை ஏத்தும்’ உணவாகிவிட்டது. முதல் கதை முழுப் பொய். இரண்டாவது பாதி உண்மை.

முட்டையில் புரதம் இருக்கு, உடம்புக்கு அது வேணும். அதில் சண்டை இல்லை. ‘ஏத்தும்’ என்ற சொல்தான் இடிக்கிறது. எதிர்ப்பு சக்தி என்ன டிவி வால்யூமா, கூட்டிக்கொண்டே போக?

கிருமியோடு மோதும் டி செல்கள், நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் தயாராகின்றன. நம் உடம்பையே தாக்கக்கூடியவை பெரும்பாலும் அங்கேயே கழிக்கப்படும். தப்பி வருபவற்றை அடக்கவும் ஒரு டி செல் உண்டு. 1995-ல் அதை அடையாளம் காட்டியவர் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி. ‘ஃபாக்ஸ்பி3’ மரபணு பழுதானால் உடம்பு தன்னையே தாக்கும் கடும் நோய் வரும் என்பதை 2001-ல் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் காட்டினார்கள். அந்த அடக்கும் செல்லை உருவாக்குவதே இந்த மரபணுதான் என்பது பிறகு தெரிந்தது. 2025 மருத்துவ நோபல் இந்த மூவருக்கும்தான்.

லாரி ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவரிடம் போய், “இன்ஜின் பவரை ஏத்தித் தரேன்” என்றால் என்ன சொல்வார்?

கிருமி வந்தால் டி செல்கள் பல மடங்கு பெருக வேண்டும். வேலை முடிந்ததும் பெரும்பாலானவை மடிய வேண்டும். கொஞ்சம் மட்டும் நினைவுக்காகத் தங்கும். அந்த ‘முடிந்ததும்’ நடக்காமல் போனால்தான் வம்பு. கொரோனா முற்றிய பலருக்கு நுரையீரலைக் கெடுத்ததில் சொந்த எதிர்ப்பாற்றலுக்கும் பங்கு உண்டு. அதனால்தான், எதிர்ப்பை அடக்கும் மலிவான ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. 2020 ஜூனில் பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வு சொன்னது இது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ அதனால் பலனே இல்லை.

பிரேக்கைக் கண்டபடி மிதித்தாலும் ஆபத்து. கட்டுப்படாத சர்க்கரையும் அளவுமீறிய ஸ்டீராய்டும் சேர்ந்தபோது கருப்புப் பூஞ்சை என்ன செய்தது என்று 2021-ல் பார்த்தோமே!

‘பூஸ்டர்’ விற்பவர்கள் எந்த செல்லை, எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஏத்துகிறார்கள் என்று லேபிளில் போடட்டும். முடக்குவாதத்துக்கோ மாற்றுச் சிறுநீரகத்துக்கோ எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர் உங்கள் வீட்டில் இருந்தால், அந்த பாட்டிலைத் திறக்கும் முன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.