கறுப்பு பூனையா, எஸ்.பி.ஜி.யா... யாரு கெட்டி?

கறுப்பு உடை, கையில் இயந்திர துப்பாக்கியோடு யார் நின்றாலும் 'கறுப்பு பூனை' என்று சொல்லி விடுகிறோம். ஆனா எல்லாரும் பூனை இல்லீங்க!

நிஜ கறுப்பு பூனை, 1984-ல் தொடங்கிய தேசிய பாதுகாப்பு படைதான். ஆயுதம் ஜெர்மனியின் எம்.பி.5. பயிற்சி அரியானா மானேசரில். பதுங்கிய தீவிரவாதியை உள்ளே புகுந்து தீர்த்துக்கட்டுவதுதான் முக்கிய வேலை. 2008-ல் மும்பை தாஜ் ஓட்டலில் புகுந்தது இவங்கதான்.

பிரதமரை சுற்றி நிற்பது எஸ்.பி.ஜி. இந்திரா கொலைக்கு பிறகு 1985-ல் வந்தது. கையில் பெல்ஜியத்தின் எப்.2000. ஆனா சண்டை இவர்களுக்கு இரண்டாம் பட்சம். தலைவரை மறைத்து, காரில் ஏற்றி கிளப்புவதுதான் முதல் பாடம்.

அப்போ யாரு கெட்டி? பதில் நம்ம ஸ்ரீபெரும்புதூரில் இருக்கு. பிரதமர் பதவி போனதால் ராஜீவுக்கு எஸ்.பி.ஜி. காவலும் போனது. 1991 மே 21-ந்தேதி, மனித வெடிகுண்டாக வந்த பெண் மாலையோடு அவர் பக்கத்திலேயே வந்துவிட்டார். அங்கே தேவைப்பட்டது துப்பாக்கி இல்லை. கிட்டே விடாத வளையம்.

2024-ல் வி.ஐ.பி. காவலில் இருந்து கறுப்பு பூனைகளை விலக்கி, அந்த வேலையை சி.ஆர்.பி.எப்.பிடம் கொடுக்க மத்திய அரசு முடிவு செய்தது. பூனைக்கு இனி எலி பிடிக்கிற வேலை மட்டும்!