ஏணியும் ஓரியூரும்

சேதுபதி சீமையின் ஓரியூரிலே, 1693-இல், போர்த்துக்கல்லில் பிறந்த அருளானந்தரின் தலை வெட்டுண்டது. அவர் சிந்திய குருதியால் மணல் சிவந்தது என்பர் பக்தர். இரும்பு கலந்த மண் சிவக்கும் என்பது பள்ளிப் பாடம், அது நிற்க.

அந்த ஓரியூரை உள்ளடக்கிச் சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களை எல்லையாக்கி, மதுரை உயர்மறைமாவட்டத்தினின்று பிரித்து 1987-இல் உரோமாபுரி அமைத்ததே சிவகங்கை மறைமாவட்டம். கண்மாய் வற்றினால் வாழ்வும் வற்றும் பூமி! வயல் வறண்டாலும் ஏணி உயரம்: பங்கு மக்கள், பங்குத்தந்தை, மறைவட்ட அதிபர், ஆயர், உச்சியிலே போப்பாண்டவர். அடிப்படியில் நிற்கும் உழவன் காணிக்கை தரலாம், ஆயரைத் தேர்ந்தெடுக்கலாமா? கூடாது! திருச்சபைச் சட்டப்படி அது போப்பாண்டவரின் உரிமை. 2020-இல் ஆயர் விலகினார்; 2023-இல்தான் அடுத்தவர் வந்தார். மூன்றாண்டுகள் பொறுப்பு நிருவாகம்! காத்திருந்த மக்களை எவர் கேட்டார்?

சாதியேனும் சிலுவையடியிலே மாண்டதா? இல்லை, தோழர்களே! மேற்சாதிக்குச் சந்நியாசி, கீழ்ச்சாதிக்குப் பண்டாரச் சுவாமி எனக் குருமாரையே கூறுபோட்டது 17-ஆம் நூற்றாண்டின் மதுரை மிஷன். அருளானந்தரும் பண்டாரச் சுவாமியே! சேரிக்கும் சென்ற துணிவு அவருடையது. அவரை அனுப்பிய ஏற்பாட்டிலோ வருணத்தின் வாடை.

பழங்கதை என்பீர்களா? 2016-இல் இந்திய ஆயர் பேரவையே வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: கத்தோலிக்கர் 1 கோடியே 90 இலட்சம்; அவருள் தலித்துகள் 1 கோடியே 20 இலட்சம்; தலித் ஆயர்களோ 12 பேர்! எங்களுள் ஒருவர் ஆயராகக் கூடாதா எனத் தமிழகத் தலித் கிறித்தவர் கேட்டால், தேர்வு தூய ஆவியின் வழிகாட்டல் என்று விடை. அந்த ஆவிக்குச் சேரிக்கு வரும் வழி மட்டும் தெரியாமற் போனது எப்படி?