நோயின் பெயரால் நீக்கப்படும் உரிமம்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் வாடிப்பட்டி. முன்னர் 7 என்றும் இப்போது 44 என்றும் எண்ணிடப்பட்டுள்ள அத்தேசிய நெடுஞ்சாலையில் லாரியும் வேனும் ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் இப்பகுதிப் பங்குகளில் குறைவல்ல. அவ்வில்லங்களில் தந்தையின் சட்டைப்பையிலுள்ள ஓட்டுநர் உரிமமே நிலமும் நகையும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பிக்கச் செல்லும்போது, மருத்துவர் தம் சான்றிதழில் ஒரு வரியை மாற்றி எழுதிவிட்டால் அடுப்பு அணைந்துவிடுமே என்ற அச்சம் பலருக்கு உண்டு. அவ்வச்சத்தைப் பற்றியே இத்திங்கள் எழுத விழைகிறோம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, உரிமம் வழங்கும் அதிகாரியிடம் பெரும் அதிகாரத்தை ஒப்படைத்துள்ளது. ஒருவர் நோயினாலோ உடற்குறையினாலோ வண்டி ஓட்டத் தகுதியற்றவர் என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருப்பின், அவருடைய உரிமத்தை எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம். அல்லது புதிய மருத்துவச் சான்று கொண்டுவருமாறு பணிக்கலாம். இதைக் கேட்டதும் மனம் சோர்ந்து வீடு திரும்புவோர் 17-ஆம் பிரிவையும் அறிந்திருத்தல் வேண்டும். உரிமத்தை நீக்கினாலும், புதுப்பிக்க மறுத்தாலும், அதற்கான காரணங்களை அதிகாரி எழுத்து வடிவில் தர வேண்டும். அந்த ஆணை கைக்குக் கிடைத்த 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீட்டு அதிகாரி, முறையிட்டவரையும் ஆணையிட்டவரையும் ஒருங்கே கேட்ட பின்னரே முடிவு கூறுவார். ஆதலின் அலுவலகத்தில் வாய்மொழியாக, "உங்களுக்கு முடியாது, போய் வாருங்கள்" என்று சொல்லப்பட்டால் அத்துடன் திரும்பிவிடலாகாது. எழுத்தில் தருமாறு பணிவோடு, ஆனால் உறுதியோடு கேட்க வேண்டும். ஆணை இல்லையேல் மேல்முறையீடும் இல்லை.

முறையீட்டில் சொல்ல வேண்டியது என்ன? இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். வறுமையையும் பிள்ளைகளின் படிப்பையும் எழுதி இரக்கம் வேண்டுகின்றனர். அதிகாரியின் முன்னுள்ள கேள்வியோ வேறு. இந்த நோய் இந்த மனிதர் ஓட்டுவதைப் பிறருக்கு ஆபத்தாக்குகிறதா என்பதே அது. நோயின் பெயர் மட்டும் அதற்கு விடையாகாது. விண்ணப்பத்தோடு இணைக்கும் படிவம் 1 கேட்பது, ஒரு காரின் எண் பலகையை நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலிருந்து இனங்காண இயலுமா என்பதை. கண்ணாடி அணிபவர் அதை அணிந்தே பார்க்கலாம் என்றும் அப்படிவமே கூறுகிறது. கண்புரையால் பார்வை மங்கியவருக்கு உரிமம் மறுக்கப்பட்டால், அறுவை செய்துகொண்டு கண் மருத்துவரிடம் புதிய சான்று பெறுவதே தக்க மறுமொழி. பொது மருத்துவர் எழுதிய குறிப்புக்கு எதிராக அந்தந்த நோயில் வல்லுநரான மருத்துவரின் விரிவான சான்று நிற்கும். "நலமாக உள்ளார்" என்ற ஒற்றை வரிச் சான்று நிற்காது.

நோயின் பெயரைக்கொண்டு மனிதரை அளக்கலாகாது என்பதற்கு மதுரையிலேயே சான்று உண்டு. முடக்குவாதத்தால் விரல்கள் நிலையாக வளைந்துவிட்ட டாக்டர் ஜி. வெங்கடசாமி, அவ்விரல்களைக் கொண்டே கண் அறுவையைப் பயின்று, பணி ஓய்வுக்குப் பின் 1976-இல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். விரலைப் பார்த்து மட்டும் தீர்ப்புக் கூறியிருந்தால் நாட்டுக்கு எத்துணை இழப்பு!

சட்டமும் இத்திசையில் சற்றே நகர்ந்துள்ளது. ஓட்டுநர் தேர்வில் தேறும் செவிப்புலனற்றோருக்கு உரிமம் வழங்க வழிசெய்து தில்லி உயர்நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. மிதமான நிறக்குருடு உள்ளோரும் உரிமம் பெற 2020 ஜூன் திங்களில் நடுவண் அரசு விதிகளைத் திருத்தியது.

எனினும் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வலிப்பு நோயையும், திடீரென நினைவு தவறுவதையும் படிவம் 1 நேராகவே கேட்கிறது. அங்கே "இல்லை" என்று பொய் எழுதுவோரை நாம் ஒருபோதும் ஆதரியோம். ஐம்பது பேரை ஏற்றிச் செல்லும் பேருந்தில் ஓட்டுநர் ஒரு நொடி நினைவிழந்தால் விளைவதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் ஓராண்டு வலிப்பின்றி இருந்தவர் மீண்டும் கார் ஓட்டலாம். லாரிக்கும் பேருந்துக்கும் மருந்தின்றியே பத்து ஆண்டுகள் வலிப்பில்லாமல் இருந்திருக்க வேண்டும். நம் நாட்டிலும் அத்தகைய தெளிவான அளவுகோல் வேண்டும் என்று கேட்பது நியாயம். அதுவரை மறைத்து ஓட்டுவது நியாயமன்று. உரிமம் நீக்கப்பட்ட பின்னும் ஓட்டி விபத்து நேருமாயின், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடமே அதைத் திரும்பக் கேட்கும் என்பதையும் நினைவிற்கொள்க.

அப்படியாயின் உண்மையிலேயே ஓட்ட இயலாது போனவர் என் செய்வார்? அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் பணிபுரிபவராயின் வேலையே போய்விட்டதென்று எண்ணத் தேவையில்லை. பணிக்காலத்தில் உடற்குறை எய்தியவரை நீக்கலாகாது, அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும், தக்க பணி இல்லையெனில் கூடுதல் பணியிடம் ஒன்றை உண்டாக்கியேனும் வைத்திருக்க வேண்டும் என்று 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு கூறியது. அதற்குப் பின்வந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவும் அதையே கூறுகிறது. நிறக்குருடு எனக் கண்டு பணியிலிருந்து அனுப்பப்பட்ட பேருந்து ஓட்டுநர் ஒருவரின் வழக்கு 2025-இல் உச்சநீதிமன்றம் வரை சென்றது. அந்நாளைய ஆந்திரப் போக்குவரத்துக் கழகத்தில் தொழிலாளருடன் 1979-இல் செய்யப்பட்ட உடன்பாடு அவருக்குத் துணைநின்றது. மாற்றுப் பணி உண்டா என்று மனமார ஆராயாமல் அவரை அனுப்பியது தவறென்று கூறிய நீதிமன்றம், தக்க பணி தரவும் விடுபட்ட ஊதியத்தில் 25 விழுக்காடு வழங்கவும் தெலங்கானா போக்குவரத்துக் கழகத்துக்கு ஆணையிட்டது.

தனியார் லாரி ஓட்டுநருக்கோ இப்பாதுகாப்பு இல்லை. ஒரே நெடுஞ்சாலை, ஒரே நோய், ஒருவருக்கு மேசைப் பணி, மற்றவருக்கு வெறுங்கை. இது நமக்கு ஏற்புடையதன்று. அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கான நலவாரியம் தமிழ்நாட்டில் இருந்தும் அதில் பெயர் பதியாதோர் பலர். உடல் நலமாக இருக்கும்போதே பதிந்துகொள்வது நன்று. லாரி கைவிட்டுப் போனாலும், உடற்குறைக்கேற்ப மாற்றியமைத்த வண்டியை ஓட்ட உரிமம் பெற 8-ஆம் பிரிவு இடமளிக்கிறது. சிறு வியாபாரம் செய்ய நினைப்பவருக்கு அது உதவக்கூடும்.

வழக்குரைஞர் வைக்கப் பணமில்லாத மாற்றுத்திறனாளிகளும், பெண்களும், பட்டியல் இனத்தவரும் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இலவச சட்ட உதவி பெறலாம். அதற்கு மதுரையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உள்ளது. மேல்முறையீட்டிலும் நீதி கிட்டாதபோது உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. 2004 முதல் இவ்வட்டார மக்கள் அதற்கெனச் சென்னைக்குப் பயணப்பட வேண்டியதில்லை. செல்வோர் கையில் இருக்க வேண்டியவை ஆணையின் நகல், மருத்துவச் சான்றுகள், பழைய உரிமத்தின் நகல், ஆணை வந்த அஞ்சல் உறை ஆகியன. உறையை எவரும் எறிந்துவிட வேண்டாம். 30 நாள் கணக்கு எந்நாளில் தொடங்கியது என்பதற்கு அதன்மேலுள்ள அஞ்சல் முத்திரையும் சான்றாகும்.